ஐசர் நம்பரை நம்புறதுக்கு முன்னாடி மாடலை உடைக்கப் பாருங்க

ஒரு மருந்துக்கு அரசாங்கம் காசு குடுக்கலாமா வேணாமான்னு பாக்க எக்செல்ல மார்கோவ் மாடல் போடுறோம்ல, அதாவது நோயாளிங்க ஒவ்வொரு சைக்கிள்லயும் (மாசமோ வருஷமோ) நல்லா இருக்குறது, நோய் முத்துனது, சாவுன்னு எந்த ஸ்டேட்ல இருக்காங்கன்னு ஓட்டுற கணக்கு. கடைசில வர்ற ஐசர்ங்கிறது, கூடுதலா ஒரு குவாலி (முழு ஆரோக்கியத்தோட ஒரு வருஷம்) கெடைக்க எவ்ளோ கூடுதலா செலவாகுதுங்கிற நம்பர். இந்த மாடலை செக் பண்ணச் சொன்னா நெறைய பேர் நேரா இன்புட்டை மாத்தி மாத்தி ஆயிரம் தடவை ரன் பண்ற ப்ராபபிலிஸ்டிக் அனாலிசிஸ்க்குப் போயிடுறாங்க. அது இன்புட்ல இருக்குற சந்தேகத்தைத்தான் காட்டும். ஃபார்முலா தப்புன்னா அதே தப்பை ஆயிரம் தடவை செஞ்சு அழகா ஒரு புள்ளிக் கூட்டம் போட்டுக் குடுக்கும், அவ்ளோதான்.

அதனால மொதல்ல, பதில் ஏற்கனவே தெரிஞ்ச கேள்வியா கேளுங்க. சாவைத் தவிர எல்லா ஸ்டேட்டோட யூட்டிலிட்டியையும் (சாவுக்கு 0, முழு ஆரோக்கியத்துக்கு 1னு குடுக்குற மதிப்பு) 1 ஆக்கி, டிஸ்கவுண்ட்டை (வருங்காலச் செலவையும் பலனையும் வருஷா வருஷம் குறைச்சு மதிக்கிற சதவீதம்) 0 ஆக்குங்க, குவாலியும் ஆயுள் வருஷமும் ஒண்ணா வரணும். ரெண்டு பக்கமும் ஒரே மருந்து, ஒரே விலை, ஒரே எஃபெக்ட்னு போட்டா வித்தியாசம் சுத்தமா 0 வரணும், 0.003 வந்தாக்கூட எங்கயோ ஒரு செல் தப்பா லிங்க் ஆகியிருக்கு, ரவுண்டிங்னு சொல்லி விட்ராதீங்க. சாவு ரேட்டை 0 ஆக்கினா கடைசி சைக்கிள் வரைக்கும் எல்லாரும் உயிரோட இருக்கணும். மருந்து விலையை டபுள் ஆக்கினா மருந்துச் செலவு சரியா டபுள் ஆகணும், குவாலி அசையவே கூடாது. ஒவ்வொரு சைக்கிள்லயும் எல்லா ஸ்டேட்ல இருக்குறவங்க பங்கையும் கூட்டினா 1 வரணும். என்டர் தட்டுறதுக்கு முன்னாடியே என்ன வரும்னு எழுதி வெச்சிடுங்க, இல்லன்னா வந்த நம்பருக்கு ஏத்த மாதிரி நம்ம மனசு ஒரு காரணம் கண்டுபிடிச்சிடும்.

நான் எந்த மாடலை திறந்தாலும் மொதல்ல தேடுறது வருஷ ப்ராபபிலிட்டியை 12ஆல வகுத்திருக்காங்களான்னுதான். வருஷத்துக்கு 30% சாவுன்னா மாசத்துக்கு 2.5% இல்ல, கிட்டத்தட்ட 2.93%. 2.5% போட்டா வருஷ முடிவுல 26% பேர்தான் செத்திருப்பாங்க, மீதி பேரை நம்மளே பொழைக்க வெச்சிட்டோம்.

அடுத்து எக்ஸ்ட்ராபொலேஷன், அதாவது ட்ரையல் முடிஞ்சப்புறம் என்ன ஆகும்னு கர்வை நீட்டுறது, கேன்சர் மாடல்ல பாதி சண்டை இங்கதான். ட்ரையல் ரெண்டு மூணு வருஷம், மாடல் முப்பது வருஷம். எத்தனை பேர் உயிரோட இருப்பாங்கன்னு கணிக்கிற வெய்புல், லாக்நார்மல், காம்பெர்ட்ஸ் கர்வ் எல்லாமே ட்ரையல் இருக்குற வரைக்கும் ஒட்டிக்கிட்டுதான் வரும், அதுக்கப்புறம் ஆளுக்கு ஒரு திசை. ஏஐசி (கர்வ் ட்ரையல் டேட்டாவோட எவ்ளோ பொருந்துதுன்னு சொல்ற ஸ்கோர், கம்மின்னா நல்லது) நம்பர் கம்மியா இருக்குறதை மட்டும் பாத்து கர்வ் எடுக்காதீங்க, அது ட்ரையலுக்கு வெளிய என்ன ஆகும்னு சொல்லாது. லைஃப் டேபிளை (பொதுமக்கள்ல எந்த வயசுல எத்தனை பேர் சாகுறாங்கன்னு சொல்ற அட்டவணை) பக்கத்துல வைங்க: 75 வயசு கேன்சர் பேஷண்ட் அதே வயசு சாதாரண ஆளை விட கம்மியா சாகுறார்னு கர்வ் சொன்னா அது குப்பை. டாக்டர்கிட்ட கேக்கும்போதும் ரிசல்ட்டைக் காட்டாம, பத்து வருஷத்துல எத்தனை பேர் இருப்பாங்கன்னு மட்டும் கேளுங்க.

வெளி டேட்டாவோட ஒப்பிடும்போது, மாடல் கட்டின அதே ட்ரையலோட ஒத்துப்போச்சுன்னு யாராவது சந்தோஷப்பட்டா கண்டுக்காதீங்க. சர்க்கரை நோய் மாடல்கள்ல நெறைய, யூகேபிடிஎஸ்ங்கிற பிரிட்டன் சர்க்கரை நோய் ஸ்டடியோட ஈக்குவேஷன்ல ஓடுது, அந்த ஸ்டடிக்கு ஆள் சேர்க்க ஆரம்பிச்சது 1977ல, பிரிட்டன்ல புதுசா சர்க்கரை கண்டுபிடிச்ச 5,102 பேர். ஸ்டாட்டின் (கொலஸ்ட்ரால் குறைக்கிற மாத்திரை) பரவலா வர்றதுக்கு முந்தின காலம், இன்னைய பேஷண்ட்டுக்கு அப்படியே போட்டா ஹார்ட் அட்டாக் கணக்கு ஏறிடலாம். சர்க்கரை மாடல் போடுறவங்க மவுண்ட் ஹூட் சேலஞ்ச்னு கூடி, ஒரே கேள்வியை அவங்கவங்க மாடல்ல ஓட்டிப் பாக்குறாங்க, மத்த நோய்க்காரங்களும் பண்ணலாம்.

பிரிட்டன் மாடலை இந்தியாவுக்கு எடுத்தா விலையை மட்டும் ரூபாயா மாத்திட்டு நிறுத்திடாதீங்க. அங்க எந்த மருந்துக்கு காசு குடுக்கலாம்னு பாக்குற நைஸ் அமைப்பு கேக்குற டிஸ்கவுண்ட் 3.5%, இங்க அதே வேலையைப் பாக்குற எச்டிஏஇன் அமைப்பு கேக்குறது 3%. லைஃப் டேபிளும் மாறணும், யூட்டிலிட்டியும் மாறணும், ஈக்யூ-5டி-5எல்க்கு (ஆரோக்கியத்தை அளக்குற கேள்வித்தாள்) இந்திய வேல்யூ செட் (பதில்களை யூட்டிலிட்டியா மாத்துற மதிப்புப் பட்டியல்) 2022லயே வந்தாச்சு.

எல்லா டெஸ்ட்டையும் மாடலுக்குள்ளயே ஒரு ஷீட்ல போட்டு வைங்க: என்ன மாத்துனீங்க, என்ன எதிர்பாத்தீங்க, என்ன வந்துச்சு, திருத்தினப்புறம் ஐசர் எங்கேருந்து எங்க போச்சு. நைஸுக்கு அனுப்புற மாடலை வெளி டீம் (பெரும்பாலும் யுனிவர்சிட்டி ஆளுங்க) எப்படியும் பிரிச்சு மேயும், அவங்க மொதல்ல ஓட்டுறதும் பெரும்பாலும் இந்த டெஸ்ட்டுங்களாத்தான் இருக்கும்.