திருத்தும் முன் ‘வரலாறு’ பாருங்கள்

பாளையங்கோட்டையில் படித்தபோது ஒரு பருவம் சமூக மென்பொருள் (பலர் இணையத்தில் சேர்ந்து இயங்க உதவும் கருவிகள்) பாடம் இருந்தது. பல கருவிகளைத் தொட்டோம். என் மனதில் நின்றது, பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் வலைத்தளமான விக்கிதான்.

வகுப்பு விக்கியில் குறுக்குத்துறை முருகன் கோயில் பற்றி ஒரு வரி சேர்த்தேன்: தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தால் கோயில் மூழ்கிவிடும். மறுநாள் அந்த வரியைக் காணோம். மனசு கஷ்டமாகிவிட்டது. யார், எப்போது, என்ன மாற்றினார்கள் என்று காட்டும் ‘வரலாறு’ பக்கத்தைத் திறந்தால், நீக்கிய தோழி ‘சான்று வேண்டும்’ என்று இரண்டே சொல் எழுதியிருந்தாள். நூலகத்தில் பழைய நாளிதழைத் தேடி எடுத்து, தேதியோடு திரும்பச் சேர்த்தேன். அப்புறம் யாரும் கை வைக்கவில்லை.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் இதே வழிதான். முதலில் கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் உரையாடல் பக்கம், வரலாறு இரண்டையும் படியுங்கள். சேமிக்கும்போது என்ன மாற்றினீர்கள், ஏன் என்று சுருக்கப் பெட்டியில் ஒரு வரி எழுதுங்கள். நிறைய பேர் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். தப்பாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், பழைய வடிவத்தை எப்போதும் மீட்கலாம். உங்கள் ஊர்ப் படித்துறையிலிருந்தே தொடங்குங்கள், சான்றைக் கையில் வைத்துக்கொண்டு.