ஊழியத்துக்கு வெளிநாடு வருகிறீர்களா? விசாவில் என்ன எழுதியிருக்கிறது?

"டூரிஸ்ட் விசாவில் வந்துவிடுங்கள் பிரதர், இங்கே வந்து மாற்றிக்கொள்ளலாம்." பல வருட ஊழியத்துக்குக் கிளம்புகிற உங்களிடம் யார் இப்படிச் சொன்னாலும், அவர் பெரிய பாஸ்டரே ஆனாலும், டிக்கெட் எடுப்பதை அன்றே நிறுத்துங்கள். என் நண்பர் நிறுத்தவில்லை. அந்தக் கதைக்கு வருவதற்கு முன் மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

பாஸ்போர்ட்டை நீண்ட காலத்துக்குப் புதுப்பித்துவிட்டுக் கிளம்புங்கள். ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும் என்று கேட்கும் நாடுகள் நிறைய. பட்டச் சான்று, திருமணச் சான்று, குழந்தைகளின் பிறப்புச் சான்றுக்கு அப்போஸ்தில் முத்திரை (சான்று உண்மையானது என்று வெளிநாட்டுக்காக அரசு தரும் முத்திரை) வாங்கிவிடுங்கள். 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் சேராத நாடு என்றால் தூதரகச் சான்றொப்பம் தேவைப்படும். ஆப்பிரிக்காவிலோ தென் அமெரிக்காவிலோ மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகளுக்குப் போகிறவர்கள் குறைந்தது 10 நாள் முன்பே ஊசி போட வேண்டும். அதற்குப் பிறகுதான் சான்று செல்லும். 2016 முதல் அந்தச் சான்று ஆயுளுக்கும் செல்லும், பழைய அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். சில வாரங்களுக்கான பயணக் காப்பீடு உங்களுக்கு உதவாது. நோயாளியை வேறு நாட்டுக்குக் கொண்டுபோகும் செலவையும் ஏற்கிற காப்பீடாகப் பாருங்கள். பிறகு, மாதாமாதம் பணம் கொடுத்துத் தாங்குகிறோம் என்று கை தூக்கியவர்கள் எல்லோரும் இரண்டாம் வருடமும் தாங்குவார்கள் என்று கணக்குப் போடாதீர்கள்.

இனி நண்பர் கதை. அழைத்த சபை சொன்னபடியே சுற்றுலா விசாவில் குடும்பத்தோடு வந்தார். தங்கும் காலம் முடியப்போகும் ஒவ்வொரு தடவையும் பக்கத்து நாட்டுக்குப் போய், புது முத்திரையோடு திரும்புவார். "எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்றது சபை. ஒரு தடவை திரும்பி வரும்போது குடியேற்ற அதிகாரி அவர் போனை வாங்கிப் பார்த்தார். வாட்ஸ்அப்பில் மாதாமாதம் அனுப்பிய ஜெபக் கடிதங்கள், நடத்திய கூட்டங்களின் பட்டியல், போதாததற்கு "எங்கள் முழுநேர ஊழியர்" என்று படத்தோடு சபை போட்ட வரவேற்பு போஸ்டர். வேறு சாட்சி எதற்கு? அவரை உள்ளே விடவில்லை. மனைவியும் குழந்தையும் எல்லைக்கு உள்ளே, இவர் வெளியே. அழைத்த சபை என்ன செய்தது தெரியுமா? "அவர் எங்கள் ஊழியர் அல்ல, விருந்தினர்" என்று அதிகாரிகளுக்குக் கடிதம் கொடுத்தது. இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த போஸ்டரைப் போட்டவர்கள் அவர்கள்தானே!

"சம்பளம் வாங்கவில்லையே, அது எப்படி வேலையாகும்?" என்பார்கள். பல நாட்டுச் சட்டத்தில் சம்பளமில்லா ஊழியமும் வேலைதான். அதற்கென்று தனி விசாவே வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆர்-1: முதலில் 30 மாதம் வரை, மொத்தம் 5 வருடம். விண்ணப்பத்துக்கு முந்தைய 2 வருடமாவது அதே சபைப் பிரிவில் நீங்கள் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். பிரிட்டனில் தற்காலிகச் சமயப் பணியாளர் விசா 24 மாதம் வரை. போதகராகவே வருகிறவர்களுக்கு வேறு விசா, அதற்கு ஆங்கிலத் தேர்வும் உண்டு. இங்கெல்லாம் பொய் சொல்லி மாட்டினால் பிரிட்டன் 10 வருடம் கதவடைக்கும். அமெரிக்காவிலோ, விலக்கு கிடைத்தால் ஒழிய, ஆயுள் தடை. நேபாளம் வேறு மாதிரி. அங்கே ஒருவரை மதம் மாற்றுவதே குற்றம், 5 வருடம் வரை சிறை. வெளிநாட்டவர் என்றால் தண்டனைக்குப் பின் நாடு கடத்தல்.

மிஷனெரி விசாவே தராத நாடுகளுக்கு ஆசிரியராக, நர்ஸாக, கம்பெனி நடத்துகிறவராகப் போகிறவர்கள் உண்டு. பவுலும் கூடாரம் பண்ணிப் பிழைத்தவர்தான். ஆனால் அவர் நிஜமாகவே கூடாரம் பண்ணினார். விசாவுக்காக மட்டும் ஒரு கம்பெனிப் பலகையை மாட்டிவிட்டு, வியாபாரமும் இல்லாமல் வரியும் கட்டாமல் இருந்தால் அதுவும் ஒருநாள் போன் மாதிரிதான் திறக்கப்படும்.

இத்தனை காகிதம் கேட்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், எருசலேம் மதிலைக் கட்டப் போன நெகேமியாவை வேதத்திலிருந்து காட்டுங்கள். ராஜா போகலாம் என்ற பிறகும் அவர் சும்மா கிளம்பவில்லை. வழியில் உள்ள அதிபதிகளுக்குக் கடிதம் கேட்டார், மரம் வாங்கக்கூடத் தனிக் கடிதம் கேட்டார். காகிதம் இருந்தாலே நிம்மதி என்றும் சொல்ல மாட்டேன். 1706இல் டென்மார்க் அரசர் அனுப்பித் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனெரி சீகன்பால்குவை 1708இல் அங்கிருந்த டேனிஷ் தளபதியே நான்கு மாதம் சிறையில் வைத்தார். அரசர் அனுப்பியவருக்கே அந்தக் கதி என்றால், சுற்றுலா முத்திரையோடு வந்தவருக்கு யார் துணை? அதே சீகன்பால்கு தமிழ் கற்று, 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்தார் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. உங்கள் முதல் வருடத்தையும் மொழிக்குக் கொடுங்கள். பிரசங்கத்தை மொழிபெயர்க்க ஆள் கிடைப்பார், பள்ளியில் பிள்ளையைப் பற்றி ஆசிரியர் சொல்வதை மொழிபெயர்க்க ஆள் கிடைக்க மாட்டார். தமிழில் ஜெபிக்க வாய் ஏங்கும், அதை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முன் அழைக்கும் சபையிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை: எந்த விசா, அதற்கு விண்ணப்பிப்பது யார், மறுத்துவிட்டால் செலவு யாருடையது, நீங்கள் அவர்கள் ஊழியர்தான் என்று அரசுக்குக் கடிதம் தருவார்களா. கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் போகாதீர்கள். பாஸ்போர்ட்டை "பத்திரமாக வைக்கிறோம்" என்று கேட்டால் கொடுக்காதீர்கள், நகல் போதும். குடும்பம் முழுவதும் திரும்பி வருவதற்கான டிக்கெட் பணத்தை மனைவியும் எடுக்கக்கூடிய கணக்கில் போட்டுவையுங்கள். சபைக் கட்டட நிதிக்குக் கேட்டாலும் அதில் கை வைக்காதீர்கள்.