புகையடுப்புக்கு எந்த விறகு?

மத்திய டெக்சாஸில் மாட்டிறைச்சியைப் பல மணி நேரம் புகையில் வேகவைப்பவர்கள் பெரும்பாலும் ஓக் விறகையே நம்புகிறார்கள். மெஸ்கீட் நம் சீமைக்கருவேலத்தின் உறவு. அதன் புகை கடுமையானது. நெடுநேரம் வைத்தால் கறி கசந்துவிடும். பைன் போன்ற பிசின் மரங்களும் பெயின்ட் அடித்த பலகைகளும் வேண்டவே வேண்டாம்.

எந்த மரமானாலும் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. இரண்டு கட்டைகளைத் தட்டிப் பாருங்கள்: கணீரென்று ஒலித்தால் காய்ந்தது, மந்தமாக ஒலித்தால் இன்னும் ஈரம்தான். வெண்புகை அடர்ந்து வந்தால் நெருப்புக்குக் காற்று போதவில்லை. காற்றுத் திறப்பை அகலமாக்குங்கள். புகை மெல்லிய நீலமாக மாறிய பிறகே இறைச்சியை வையுங்கள். அதுவரை பொறுமை!

அடுப்பு நன்றாக ஆறியதும் சாம்பலை அள்ளிவிடுங்கள். விட்டுவைத்தால் ஈரத்தை இழுத்து இரும்பை அரித்துவிடும். கம்பித் தட்டைச் சுரண்டி, லேசாக எண்ணெய் தடவி வையுங்கள்.