'அ லாட் ஆஃப்': அந்த 'ஆஃப்' எப்போது வரும், எப்போது வராது

போன வாரம் பக்கத்து இருக்கைத் தம்பி ஒரு மின்னஞ்சலை அனுப்பும் முன், "அக்கா, ஒரு தடவை பார்த்துடுங்க" என்று திரையை என் பக்கம் திருப்பினான். முதல் வரியே இப்படி இருந்தது: 'லாட் ஆஃப் கம்ப்ளெய்ன்ட்ஸ் ஹேஸ் கம்.' நிறைய புகார்கள் வந்திருக்கின்றன என்று சொல்ல நினைத்திருக்கிறான். விஷயம் புரிந்துவிடுகிறது, ஆனால் ஐந்து சொல்லில் இரண்டு தப்பு.

நான் ஆங்கிலம் படித்துப் பட்டம் வாங்கியவள் இல்லை. 11 வருடமாக வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் எழுதி, திட்டு வாங்கி, திருத்திப் பழகியவள். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: நம் ஆட்கள் அதிகம் பயன்படுத்துவதும் அதிகம் தடுக்கி விழுவதும் இந்த மூன்று சொற்களில்தான்.

தடுக்குவதற்குக் காரணம் நம்முடைய 'நிறைய'. அது எல்லா இடத்துக்கும் பொருந்தும். 'நிறைய பேர் வந்தார்கள்' என்றாலும் அதுதான், 'நிறையப் பேசினார்' என்றாலும் அதுதான். பெயருக்கு முன்னால் நின்றாலும் வினைக்கு முன்னால் நின்றாலும் உருவம் மாறாது. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. எதன் அளவைச் சொல்கிறோமோ அந்தப் பெயர்ச்சொல் அடுத்து வந்தால் 'ஆஃப்' வேண்டும்: 'அ லாட் ஆஃப் பீப்பிள் கேம்.' பேச்சு, சிரிப்பு, உதவி என்று செயலின் அளவைச் சொன்னால் 'ஆஃப்' கூடாது: 'ஹி டாக்ட் அ லாட்.' இடத்தையும் கவனியுங்கள். தமிழில் 'நிறைய' வினைக்கு முன்னால் வரும், இவர்களுக்கு 'அ லாட்' பின்னால் போய்விடும். 'ஹி அ லாட் டாக்ட்' என்று யாரும் சொல்வதில்லை.

அதனால் எழுதும்போது 'லாட்' வந்ததும் ஒரு நொடி நின்று, அடுத்து என்ன எழுதப் போகிறோம் என்று பாருங்கள். 'டைம்', 'ஒர்க்', 'ஃப்ரெண்ட்ஸ்', 'தெம்' என்று ஏதாவது வந்தால் 'ஆஃப்' போடுங்கள். அங்கே முற்றுப்புள்ளி வந்தால் போடாதீர்கள். 'இட் ஹெல்ப்ட் அ லாட்.' அவ்வளவுதான், வாக்கியம் முடிந்தது.

காதால் மட்டும் கற்றவர்களுக்கு 'ஆஃப்' நழுவுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வேகமாகப் பேசுபவர்கள் 'அ லாட் ஆஃப்' என்று பிரித்துச் சொல்வதில்லை. 'அலாட்டவ்' என்றோ, இன்னும் தேய்ந்து 'அலாட்டா' என்றோதான் வரும். கேட்டதை அப்படியே எழுதினால் 'ஐ ஹேவ் அ லாட் ஒர்க்' ஆகிவிடுகிறது. பேசும்போது 'ஆஃப்' தேயலாம், எழுதும்போது அது முழுசாக இருக்க வேண்டும்.

சரி, முன்னால் நிற்கும் 'அ'. தம்பி விட்டது இதைத்தான். நம்மில் பாதிப் பேர் 'லாட் ஆஃப் பீப்பிள்' என்றுதான் ஆரம்பிக்கிறோம். 'லாட்' என்று ஒருமையில் எழுதினால் முன்னால் 'அ' வேண்டும். 'லாட்ஸ் ஆஃப்' என்று பன்மையில் எழுதினால் 'அ' வேண்டாம். 'அ லாட்ஸ் ஆஃப்' என்று இரண்டையும் சேர்த்து எழுதுவது கல்யாண வீட்டில் இரண்டு பந்தியிலும் உட்கார்வது மாதிரி.

இப்போது 'ஹேஸ்'. பள்ளியில் நமக்கு ஒரு விதியை அடித்துப் புகட்டியிருக்கிறார்கள்: 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ்' என்றுதான் எழுத வேண்டும், ஏனென்றால் 'ஒன்'தான் எழுவாய், 'ஃப்ரெண்ட்ஸ்' இல்லை. சரியான விதி. அதே கணக்கில் 'அ லாட்' ஒருமைதானே என்று 'ஹேஸ்' போட்டுவிடுகிறோம். இங்கே அந்த விதி செல்லாது. 'அ லாட் ஆஃப்' வந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் சொல்தான் வினையைத் தீர்மானிக்கும். 'அ லாட் ஆஃப் கம்ப்ளெய்ன்ட்ஸ் ஹேவ் கம்', 'அ லாட் ஆஃப் டைம் ஹேஸ் கான்.' புகார்கள் பல, நேரம் எண்ண முடியாதது. 'லாட்ஸ் ஆஃப்' என்று எழுதினாலும் இதே கதைதான்: 'லாட்ஸ் ஆஃப் டைம் ஹேஸ் கான்.' முன்னால் பன்மை தெரிகிறதே என்று 'ஹேவ்' போட்டுவிடாதீர்கள்.

இந்தச் சொற்றொடரில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. எண்ணக்கூடியவற்றுக்கு 'மெனி', எண்ண முடியாதவற்றுக்கு 'மச்' என்று பிரித்து யோசிக்க வேண்டும். 'அ லாட் ஆஃப்' இரண்டுக்கும் பொருந்தும். வாய்தவறி 'மச் பீப்பிள்' என்று சொல்லிவிடுவோமோ என்று பயப்படுபவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதைப் பிடித்துக்கொள்ளலாம். 'ஐ ஹேவ் மச் ஒர்க்' என்பதும் தப்பில்லைதான், ஆனால் இன்றைய பேச்சில் யாரோ பழைய நாடக வசனம் பேசுவது போல ஒலிக்கும். 'ஐ ஹேவ் அ லாட் ஆஃப் ஒர்க்' என்பதுதான் வாயில் வரும் பேச்சு. எதிர்மறையிலும் கேள்வியிலும் 'மச்' இயல்பாக வரும்: 'ஐ டோன்ட் ஹேவ் மச் டைம்.' அங்கே 'அ லாட் ஆஃப்' போட்டாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஆனால் எண்ண முடியாத சொல்லுக்கு 'எஸ்' ஒட்டாமல் காப்பாற்றும் வேலையை இது செய்யாது. 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்', 'லக்கேஜ்', 'எக்விப்மென்ட்', 'ஃபீட்பேக்' எல்லாம் எவ்வளவு குவிந்தாலும் ஒருமையில்தான் நிற்கும். 'அ லாட் ஆஃப் ஃபீட்பேக்ஸ்' என்று வாரம் ஒரு முறையாவது பார்க்கிறேன். 'நிறைய' என்ற எண்ணம் மனதில் இருப்பதால் கை தானாகவே 'எஸ்' போடுகிறது என்று நினைக்கிறேன். தலைமுடிக்கும் இதே நிலைமைதான். 'ஹேர்ஸ்' என்றால் ஒவ்வொரு மயிராக எண்ணுவதாக அர்த்தம். தலை நிறைய முடி என்றால் 'அ லாட் ஆஃப் ஹேர்.'

தமிழில் 'ரொம்ப நிறைய' என்று தாராளமாகச் சொல்வோம். அதை அப்படியே 'வெரி அ லாட்' ஆக்க முடியாது. 'ஸோ அ லாட்', 'டூ அ லாட்' எதுவும் ஓடாது. அந்த இடத்தில் 'ஸோ மச்', 'டூ மெனி' என்று பழைய ஜோடிக்கே திரும்ப வேண்டும். கொஞ்சம் அழுத்தம் வேண்டுமென்றால் 'குவைட் அ லாட் ஆஃப்' சொல்லலாம். 'அன் ஆஃபுல் லாட் ஆஃப்' என்று கேட்டால் ஏதோ மோசமானது என்று நினைக்க வேண்டாம். 'அநியாயத்துக்குக் கூட்டம்' என்று நாம் சொல்வோமே, அந்த 'அநியாயம்' மாதிரிதான் அந்த 'ஆஃபுல்.'

ஒப்பிடும்போது 'ஆஃப்' இல்லாத 'அ லாட்' நன்றாக உதவும். 'இன்றைக்கு எவ்வளவோ தேவலை' என்பதற்கு 'அ லாட் பெட்டர்.' ஆனால் பின்னால் வரும் சொல் ஒப்பீட்டு வடிவத்தில் இருக்க வேண்டும். 'அ லாட் குட்' கிடையாது. 'அடிக்கடி' என்ற பொருளும் இதற்கு உண்டு: 'ஐ கோ தேர் அ லாட்' என்றால் அங்கே அடிக்கடி போவேன் என்று அர்த்தம்.

'லாட்' ஆதியில் சீட்டுக் குலுக்கலில் எடுக்கும் சீட்டைக் குறித்த சொல். பழைய ஆங்கிலத்தில் 'ஹ்லாட்.' சீட்டில் விழுந்த பங்கு, பங்காகக் கிடைத்த நிலம், ஏலத்தில் ஒன்றாகக் கட்டிவைத்த சரக்கு என்று பொருள் விரிந்துகொண்டே போயிற்று. 'நிறைய' என்ற பொருள் பேச்சில் பரவலானது 19ஆம் நூற்றாண்டில்தான். லாட்டரியும் இதே வம்சம். 'மொத்தமா ஒரே லாட்டா வாங்கிட்டேன்' என்று நாம் தமிழில் சொல்லும் 'லாட்' அந்த ஏலக் கட்டுதான்.

ஒதுக்கித் தருவதைக் குறிக்கும் 'அலாட்' என்ற வினையும் இந்த வம்சம்தான். அதனிடம் நான் ஒரு முறை நன்றாக மாட்டிக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏறக்குறைய 40 பேருக்குப் போகும் மின்னஞ்சலில், கடைசி வரியில் 'தேங்க்ஸ் அ லாட்' என்று எழுத நினைத்து இடைவெளி விடாமல் ஒரே சொல்லாகத் தட்டினேன். எழுத்துப் பிழை திருத்தி புத்திசாலித்தனமாக உள்ளே இன்னொரு 'எல்' சேர்த்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. 'நன்றி, ஒதுக்கீடு செய்க' என்பது போலப் போய்ச் சேர்ந்தது. மூத்த அதிகாரி ஒருவர், 'எனக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்?' என்று எல்லோருக்கும் தெரியும்படி பதில் போட்டார். அன்றிலிருந்து 'அ' தட்டியதும் என் கட்டை விரல் தானாகவே இடைவெளிப் பட்டைக்குப் போய்விடும்.

அப்புறம், 'தேங்க்ஸ் அ லாட்' கொஞ்சம் விஷயமுள்ள தொடர். நேரில் சிரித்துக்கொண்டு சொன்னால் நன்றிதான். உதட்டைச் சுழித்துச் சொன்னால் 'ரொம்ப நல்லா பண்ணிட்டே போ' என்று பொருள். கடிதத்தில் உதடு தெரியாது என்பதால், அறிமுகமில்லாதவர்களுக்கு 'தேங்க் யூ வெரி மச்' என்றே எழுதிவிடுகிறேன்.

தம்பியின் திரைக்கு வருவோம். 'அ' சேர்த்து, 'ஹேஸ்' என்பதை 'ஹேவ்' ஆக்கிவிட்டு, "இப்போ அனுப்பலாமா அக்கா?" என்றான். இலக்கணப்படி அனுப்பலாம். ஆனால் அது மேலாளருக்குப் போகும் அறிக்கை. அங்கே 'அ லாட் ஆஃப்' பேச்சு வழக்காகத் தெரியும், 'மெனி' அல்லது 'அ லார்ஜ் நம்பர் ஆஃப்' எழுதலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எனக்கே ஒரு சந்தேகம்.

"எத்தனை புகார் வந்திருக்கு?"

எண்ணிப் பார்த்தான். ஒன்பது.

"அப்போ 'நைன் கம்ப்ளெய்ன்ட்ஸ் ஹேவ் கம்'னு போட்டுடு தம்பி" என்றேன்.