ஸ்டேஷனில் வாங்க மறக்கும் காகிதம்

சிதம்பரத்தில் ரயில் பாதைக்கு மேற்கே கோயிலும் தேரோடும் வீதிகளும். கிழக்கே 1929இல் தொடங்கிய பல்கலைக்கழகமும் அதைச் சுற்றி வளர்ந்த அண்ணாமலை நகரும். இரண்டுக்கும் தனித்தனிக் காவல் நிலையம். கீழ வீதியில் பைக்கைப் பறிகொடுத்துவிட்டு, ஹாஸ்டலுக்குப் பக்கம் என்று அண்ணாமலை நகர் ஸ்டேஷனில் போய் நிற்பார்கள் மாணவர்கள். சம்பவம் நடந்த எல்லைக்கே போனால் அலைச்சல் மிச்சம். அதற்காக, “இது எங்க லிமிட் இல்ல தம்பி” என்றதும் வாய்மூடித் திரும்பவும் வேண்டாம். பைக் திருட்டுக்கு எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடலாம், அதாவது எல்லை பார்க்காமல் பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு மாற்றும் முதல் தகவல் அறிக்கை. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 173ஆவது பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். ரயிலில் போன பொருளென்றால் ரயில்வே போலீஸ்; ரயில்வே உதவி எண் 139.

பெரிய தவறு மனுவில்தான் நடக்கிறது. பூட்டி நிறுத்திய வண்டி போயிருக்கும். “காணவில்லை” என்று எழுதிக் கொடுப்பார்கள். திருடு போனதைத் திருடு போனது என்றே எழுதுங்கள். நிறுத்திய இடம், நேரம், வண்டி எண், சேஸிஸ் எண் எல்லாம் அதில் இருக்கட்டும். கொடுத்ததும் கையோடு சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். ‘கம்யூனிட்டி சர்வீஸ் ரெஜிஸ்டர்’ என்ற அழகான பெயரின் சுருக்கம் அது. ஆனால் அது மனு வந்து சேர்ந்ததற்கான அத்தாட்சிதான், வழக்கு இல்லை. என் அறைத்தோழன் அதை லேமினேட் போட்டு மாதக்கணக்கில் பத்திரமாக வைத்திருந்தான். இன்சூரன்ஸ்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு “எஃப்.ஐ.ஆர். எங்க?” என்றார். எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் அதே மனுவை மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். கவுன்சிலரைக் கூட்டிக்கொண்டு போவதைவிட பதிவுத் தபால் ரசீதுக்கு மதிப்பு அதிகம் என்பது என் கட்சி.

மார்க் ஷீட், லைசென்ஸ் தொலைந்தால் ஸ்டேஷன் படியே ஏற வேண்டாம். தமிழ்நாடு போலீஸ் இணையதளத்தில் ‘தொலைந்த ஆவண அறிக்கை’ எடுத்துக்கொள்ளலாம். ஆன்லைனில் பணம் போனதா? விடியட்டும், நேரில் போய்ச் சொல்லலாம் என்று காத்திருக்காதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் முடக்க முடியும்.

போன் தொலைந்தவர்கள் முதலில் அதே நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்குங்கள். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனை பிளாக் செய்ய ஓ.டி.பி. அதில்தான் வரும். புகார் நகலும் போனின் அடையாளமான 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணும் கேட்பார்கள். *#06# அழுத்தினால் அந்த எண் திரையில் வரும், கையில் போன் இருந்தால். இல்லாவிட்டால் போன் வந்த அட்டைப்பெட்டியைத் தேட வேண்டும். அது ஊரில் பரண்மேல் கிடக்கும். அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கலாம்தான். அம்மா நம்பர் அந்தப் போனுக்குள் இருக்கிறது.