வன்னியில் சாடியில் டயாந்தஸ் வளர்த்தல்

கார்னேஷன் என்னும் பூச்செடி, டயாந்தஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. பூங்கொத்துகளில் காணும் நீண்ட காம்புக் கார்னேஷன் நுவரெலியா போன்ற குளிர்ந்த மலைகளுக்கே ஏற்றது. ஆகையால், இலங்கையின் வடக்கே வெப்பம் மிகுந்த வன்னியில் முயல்வோர், வெப்பத்தை ஓரளவு தாங்கும் குட்டையான சீன டயாந்தஸை ஒரு பருவச் செடியாகக் கருதிச் சாடியில் வளர்ப்பதே நன்று.

கார்த்திகையில், மாரி மழை விதையை அடித்துச் செல்லாதவாறு கிடுகுப் பந்தலின்கீழ்த் தட்டில் விதைத்து, மேலே மெல்லிய மண் தூவுங்கள். ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களில் முளைக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது வடிகால். எமது செம்மண் நனைந்தால் ஒட்டிக்கொண்டு, காய்ந்தால் கல்லாக இறுகிவிடுவதால், அதனை மட்டும் நிரப்பாமல் ஆற்றுமணலும் நன்கு மக்கிய கூட்டெருவும் சம அளவில் கலந்து, அடித்துளையை ஓட்டுத்துண்டால் மூடிய சாடியில் நிரப்புங்கள். நாற்றை அதில் நடும்போது, தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியை மண்ணில் புதைத்தால் தண்டு அழுகும். பலர் செய்யும் தவறு இதுவே. கிணற்றுநீரில் சுண்ணாம்பு மிகுந்திருப்பினும் அஞ்ச வேண்டியதில்லை, ஏனெனில் இச்செடி சற்றுக் காரத்தன்மையை ஏற்கும். ஆனால் மேல்மண் காய்ந்த பின்னரே, காலையில், இலைகளை நனைக்காமல் நீரூற்றுங்கள்.

தை, மாசியில் பூக்கும். வாடிய பூக்களைக் காம்புடன் கிள்ளிவிட்டால் புதிய மொட்டுகள் தொடரும். பங்குனி வெயிலில் பிற்பகல் நிழலுக்கு நகர்த்துங்கள்.