எல்லோருக்கும் சட்ட உதவி: திருகோணமலையில் தொடங்குவோர் சறுக்கும் இடங்கள்

இலவச சட்ட உதவி அமைப்பு தொடங்க நினைப்பவர்கள் முதலில் தேடுவது நகரத்துக்குள் ஓர் அறை. தவறு அங்கேயே ஆரம்பிக்கிறது. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அங்கே படகுக்குக் காத்திருக்கும் பாடு போய்விட்டது, சரி. ஆனாலும் மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள வெருகலில் இருந்து ஒருவர் பஸ் ஏறி வந்து திரும்பினால் அன்றைய கூலி போய்விடும். நீங்கள்தான் வெருகலுக்கும் மூதூருக்கும் குச்சவெளிக்கும் போய் உட்காரவேண்டும். சிங்களவர் அதிகம் வாழும் கோமரங்கடவலவுக்கும்தான். அமைப்பின் யாப்பில் 'எல்லாக் குடிமக்களுக்கும்' என்று எழுதிவிட்டுத் தமிழில் மட்டும் படிவம் அடித்தால், சிங்களம் பேசும் ஏழை விவசாயி யாரிடம் போவார்?

அரசின் சட்ட உதவி ஆணைக்குழு 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அது பெரும்பாலும் வருமானம் பார்த்துத்தான் உதவுகிறது. அதோடு போட்டி போடாதீர்கள். அந்த வரம்பைச் சற்றே தாண்டியதால் திருப்பி அனுப்பப்பட்டு, சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசும் இல்லாமல் நிற்பவர்தான் உங்களுக்காகக் காத்திருப்பவர்.

வழக்கு வந்தால் பார்ப்போம் என்று இருப்பது இன்னொரு தவறு. போரால் நீதிமன்றம் போக முடியாமல் இருந்தவர்களுக்காக 2016 இல் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் காணி ஆட்சியுரிமைக் கணக்கில், அதாவது பிறர் காணியை நீண்டகாலம் வைத்திருந்ததைக் காட்டி உரிமை கோரும் கணக்கில், சேர்க்கக்கூடாது என்றது. ஆனால் வழக்குப் போட இரண்டே ஆண்டுகள்தான் அவகாசம் இருந்தது. விஷயம் காதில் விழாதவர்களுக்கு அந்தச் சட்டம் இருந்தும் இல்லாததுதான். ஊருக்குள் போய்ச் சொல்லும் வேலையைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைக்காதீர்கள்.

அமைப்பின் சுதந்திரம் என்பது பதிவில் மட்டும் வந்துவிடாது. உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிந்தாலும், 1980 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தொண்டர் அமைப்பாகப் பதிந்தாலும், எந்த வழக்கை எடுப்பது என்று பணம் தருபவர் சொல்ல ஆரம்பித்தால் கதை முடிந்தது. நிர்வாக சபையில் அரசியல்வாதி ஒருவர் இருந்தாலும் அப்படித்தான்.

சின்ன ஊர் என்பதால் இதையும் கவனியுங்கள். காலையில் கணவன் வந்து ஆலோசனை கேட்பார், மாலையில் மனைவி அவரிடம் பராமரிப்புப் பணம் கேட்கும் வழக்குக்காக வருவார். வருபவரின் பெயரோடு எதிர்த்தரப்பின் பெயரையும் பதிவேட்டில் எழுதிப் பார்க்காவிட்டால், இரண்டு பேரின் ரகசியமும் ஒரே மேசையில் கிடக்கும்.

அப்புறம், எனக்கு மிகவும் வலிப்பது இது: ஒரு வருடத் திட்டப் பணத்தை நம்பிக் காணி வழக்கை ஏற்பது. காணியைப் பங்காளிகளுக்குள் பிரிக்கும் பிரிவிடல் வழக்கு பல வருடம் இழுக்கும். பணம் முடிந்த பிறகும் நீதிமன்றத்தில் நிற்க ஒரு சட்டத்தரணி எழுத்தில் ஒப்புக்கொள்ளும் வரை புரொக்சியில், அதாவது சட்டத்தரணிக்கு வழக்கை நடத்த அதிகாரம் தரும் பத்திரத்தில், கையெழுத்து வாங்காதீர்கள்.